மூன்று கொல்லை தள்ளிக் கேட்ட முகவீணை

கூத்து கேட்பதற்கு மிகச் சிறந்த இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், கூத்தாடும் களரிக்கு முன்னால் பாய் விரித்து உட்காரும் முதல் வரிசை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று கொல்லை, அதாவது மூன்று வயல் தள்ளி, பிடுங்கிக் காயப்போட்ட மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் காவலாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பதுதான் சிறந்த இடம். 1986-ஆம் ஆண்டு சித்திரையில், திமிரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. தாத்தாவோடு யாராவது ஒருவர் காவலுக்குப் போயாக வேண்டும் என்றதும் அண்ணன் காய்ச்சல் என்று சுருண்டு படுத்துக்கொண்டான். இருட்டியதும் காய்ச்சல் தெளிந்து களரிக்குப் போய்விட்டான். பத்து இரவுகளில் ஆறு இரவுகளை நான் கொல்லையிலேயே கழித்தேன். அந்தக் கோபம் வெகு நாள் இருந்தது. ஆனால் நான் பாட்டுக் கேட்கப் பழகியது அந்தக் கட்டிலில்தான்.

தூரத்திலிருந்து கேட்கும்போது ஓசைகள் எல்லாம் சேர்ந்து வருவதில்லை. முதலில் முகவீணை வரும். முழங்கை நீளம்கூட வராத அந்தக் குழல் நாகசுரத்தின் குட்டித் தம்பிபோல் இருந்தாலும் அண்ணனைவிடக் கூரிய குரல் கொண்டது. எதிர்க்காற்று அடித்தாலும் இருட்டைத் துளைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். அடுத்து மத்தளம், காதுக்கு வருவதைவிடக் கட்டில் காலுக்கு வருவதுபோல் அதிரும். ஆர்மோனியப் பெட்டி காற்றின் தயவில் வருவதும் போவதுமாக இருக்கும். சொற்கள் வரவே வரா. வசனம் வந்து சேராத அந்த இடத்தில் எனக்குக் கதை சொன்னவர் தாத்தா. கண்ணை மூடிப் படுத்தபடியே, "இப்ப தெர புடிச்சிட்டாங்க," என்பார்; கொஞ்ச நேரம் கழித்து, "கிறிக்கி சுத்தறான் பாரு, மத்தளம் ஓடுது," என்பார். இரண்டு ஆட்கள் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேடக்காரன் பாடித் தன்னை அறிவித்துக்கொள்வதையும், திரை விலகியதும் அவன் களரியை வளைத்துச் சுழல்வதையும் நான் முதலில் பார்த்தது தாத்தாவின் மூடிய இமைகளுக்குள்தான் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனாலும் அது உண்மை.

கூத்துப் பாட்டு ஏன் இப்படித் தொண்டை கிழியும் உச்சத்தில் இருக்கிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே, திறந்த வெளியில், கடைசி வரிசையில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பவள்வரை போய்ச் சேர வேண்டிய குரல் அது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் கட்டிக்கொண்டு, பொழுது விடியும்வரை ஆடியபடியே அந்த உச்சத்தில் பாட வேண்டும். தோளிலும் கட்டை, சுருதியிலும் கட்டை. எங்கள் பக்கத்தில் இதைக் கட்டைக்கூத்து என்று சொல்வது அந்த மரக்கட்டைகளை வைத்துத்தான்.

இந்தக் கூத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். செய்யாற்றுப் பக்கம் புரிசையில் கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை இருக்கிறது. சென்னையில் 1977-ஆம் ஆண்டு கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமியை இந்தக் கலையின் பக்கம் திருப்பியதில் புரிசைக் கூத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது புரிசை அந்தப் பக்கம் போயிற்று; 2019-இல் ராணிப்பேட்டை பிரிந்தபோது நாங்களும் வேலூரிலிருந்து பிரிந்தோம். கூத்துக்காரர்கள் இவற்றையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு இன்றும் இது வடாற்காடுதான். நான் எழுத வந்தது பெயர் பெற்றவர்களைப் பற்றி அல்ல. என் காதுக்குப் பாட்டைப் பழக்கிய, ஊர் கொஞ்சம் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்த சில மனிதர்களைப் பற்றி.

முதல் கிறுக்கு என் தாத்தாதான். அவர் இளவயதில் ஏற்றம் இறைத்தவர். மேலே மரத்தில் ஒருவன் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவன் தண்ணீர்ச் சாலைக் கவிழ்க்க, எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு பாட்டுக்குள்ளேயே ஓடும். ஏற்றப்பாட்டில் அழகு அப்புறம்தான். முதலில் அது கணக்கு. பாட்டு தவறினால் பாத்திக்குப் போக வேண்டிய தண்ணீர்க் கணக்கும் தவறும். கிணற்றுக்கு மோட்டார் வந்து ஏற்றம் விறகாகிப் பல வருடங்கள் ஆன பின்பும், பம்பு செட்டில் குளிக்கும்போது தாத்தா ஒவ்வொரு சொம்புக்கும் ஓர் அடி பாடுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் பதில் வராது. நாற்பது சொம்பு முடிந்த பின்புதான் மனிதர் நம் உலகத்துக்குத் திரும்புவார். ஒருமுறை நான் விளையாட்டாகச் சொம்பை ஒளித்துவைத்தேன். இருபத்து மூன்றாவது அடியில் நின்றவர், சொம்பு கிடைத்ததும் இருபத்து நான்கில் தொடங்கினார்.

முகவீணைக்காரர் பகலில் எங்கள் ஊரில் முடி திருத்துபவர். அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: மனிதர் பேசவே மாட்டார். முடி திருத்தும் இடத்தில் ஊர்ச் செய்தி கிடைக்காவிட்டால் அங்கே போய் உட்காருவதில் என்ன இருக்கிறது? திமிர் என்றார்கள் சிலர். ஊமைக் கிறுக்கு என்றார்கள் சிலர். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, கண்ணாடியில் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் காரணம் தெரிந்தது. அவர் வாயின் ஓரத்தில், உதட்டுக்கு உள்ளே, ஊதுவதற்காக முகவீணையின் நுனியில் செருகும் சீவாளி இருந்தது. உலர்ந்த சீவாளி பேசாது. புதியதை எச்சிலில் ஊறவைத்து, நாக்கால் தடவி, பல்லால் மெல்ல அமுக்கிப் பதம் பார்த்தபடியே நாள் முழுக்கப் பழக்க வேண்டும் என்று பின்னால் அவரே சொன்னார். இரண்டு விரல்களால் அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கத்தரிக்கோல் நுனியால் ஓர் இழை மட்டும் சீவி, ஊதிப் பார்த்தார். வாத்துக் குஞ்சு கத்தினாற்போல் ஓர் ஒலி வந்தது. திருப்தி இல்லை என்பதுபோல் மறுபடி வாயில் போட்டுக்கொண்டு என் கிருதாவைச் சரிசெய்தார். இரவில் ஊரே காத்திருக்கும் ஒலி, பகல் முழுவதும் அந்த வாய்க்குள் ஊறிக்கொண்டிருந்தது. அந்த ஊர்தான் பகலில் அவரை "வாடா" என்று கூப்பிட்டது. கூத்து இரவில் "வாத்தியாரே" என்றது. விடிந்து, கிரீடங்களைப் பெட்டிக்குள் வைத்ததும் மறுபடி "வாடா" என்றது. என் வீட்டுத் திண்ணையும் இதில் விலக்கல்ல என்பதை எழுதாமல் போனால் இந்தக் கட்டுரை வெறும் மலரும் நினைவாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கட்டியக்காரர். கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வருபவன் கட்டியக்காரன். அரண்மனைக்கும் ஊருக்கும் நடுவே நிற்பவன் அவன். துரியோதனனுக்குக் குடை பிடித்துக்கொண்டே, பார்க்க வந்தவர்களிடம் அவனைக் கேலி செய்யலாம். துவாபர யுகத்தில் நின்றுகொண்டு ஆற்காட்டுப் பேருந்தைப் பற்றிப் பேசலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். எங்கள் ஊர்க் கட்டியக்காரர் ஆரணி சாலையில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தார். அவருடைய சிக்கல், அந்த அனுமதி விடியற்காலையோடு முடிந்துபோகிறது என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாததுதான்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டே, சாலையில் யார் வந்தாலும் அவர்களுக்குக் கட்டியம் கூறுவார். கடன் வாங்கித் திருப்பித் தராதவன் வந்தால், "இதோ வருகிறார், கொடுத்ததை மறக்கும் கொடைவள்ளல்," என்று உரத்த குரலில் அறிவிப்பார். தபால்காரருக்கு ஒரு கட்டியம், பால் சொசைட்டிக்காரருக்கு ஒரு கட்டியம். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக ஓடும் எனக்கு, "மணியடித்த பின் எழுந்தருளும் மகாராஜா!" வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆள் அல்லர் அவர். ஒவ்வொன்றிலும் எதுகை இருக்கும், தாளத்துக்கு டயர் லீவரால் ரிம்மில் ஒரு தட்டு இருக்கும், முகத்தில் சிரிப்பு மட்டும் இருக்காது. பெண்டாட்டி வீட்டார் இவரை, மனம் பேதலித்தவர்களைக் கூட்டிப்போகும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா என்று ஒருமுறை ஆலோசித்ததாகக்கூட ஊரில் பேச்சு.

அந்த 1986-ஆம் ஆண்டுக் கூத்தில், எனக்குக் காவலிலிருந்து விடுதலை கிடைத்த ஓர் இரவு, திரௌபதி துகிலுரிதல். வேடிக்கை பார்க்கும் இரவு அல்ல அது; பெண்கள் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். சேலைமேல் சேலையாக வந்து, கற்பூரம் காட்டி, துச்சாதனன் களைத்துத் தரையில் சாய்ந்த பிறகு, களரியில் ஒரு மௌனம் விழுந்தது. கட்டியக்காரர் மெல்ல நடந்து வந்தார். குவிந்து கிடந்த சேலையைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரிய மனிதரைப் பார்த்தார். அந்த ஆண்டு குழாய்த் தண்ணீரின் பொறுப்பு அவரிடம் இருந்தது. மாதக் கணக்கில் தண்ணீர் வரவில்லை.

"இன்னாடா துச்சாதனா இது அநியாயம்! நீ இழுக்க இழுக்கப் பொடவ வருது. எங்க ஊரு கொழாய எம்மா நேரம் திருவினாலும் காத்துதான்டா வருது!"

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்வரிசைப் பெண்கள் பக்கத்திலிருந்து தொடங்கிய சிரிப்பு முன்னால் வந்து, நாற்காலியையும் தொட்டது. அந்தப் பெரிய மனிதரும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியாதபடி முந்நூறு கண்கள் அவர் மேல் இருந்தன. அம்மன் மானம் காத்த இடத்தில் இப்படிப் பேசலாமா என்று மறுநாள் பாரதம் சொல்லும் பிரசங்கியார் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் குடம் தூக்கி இரண்டு கல் நடந்த பெண்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. கூத்து முடிவில் கலைஞர்கள் எல்லோருக்கும் கொடுத்த வேட்டி கட்டியக்காரருக்கு மட்டும் வரவில்லை. அதற்கும் அவர் ஒரு கட்டியம் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரும் நினைவுக்கு வருகிறார். மாசி மாத அமாவாசையில், சிவராத்திரிக்கு அடுத்து வரும் மயானக் கொள்ளைக்கு, வருடம் தவறாமல் காளி வேடம் கட்டுவார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்ந்து முழங்கும்போது, அவர் பாலாற்று மணலில் இறங்கி வருவதைப் பார்த்துக் கட்டுமஸ்தான ஆட்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை ஆற்காடு பேருந்து நிலையத்தில், காதோரம் கழுவாமல் விட்டுப்போன சிவப்போடு, சில்லறை பாக்கியை நடத்துநரிடம் கேட்கத் தயங்கி நின்றுகொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் சேமித்துவைக்க நானும் முயலாமல் இல்லை. நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் கூழ் வார்த்தலில், கரகம் ஜோடித்து அம்மன் வர்ணிப்புப் பாடிய பம்பைக் குழு ஒன்றைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வேலூருக்கு வந்து கேட்டேன். பாத்திரக் கடையில் அலமாரி சாய்ந்ததுபோல் இருந்தது. முகவீணைப் பதிவு இன்னும் மோசம். காதில் ஊசி குத்துகிறது. குறை கைப்பேசியுடையது மட்டும் அல்ல. திறந்த வெளிக்கும் தூரத்துக்கும் என்று செய்த ஒலியை, காதுக்குள் செருகும் கருவிக்குள் அடைத்தால் அது முரண்டு பிடிக்கத்தானே செய்யும்? ஒலிப்பதிவு நுணுக்கம் தெரிந்தவர்கள் என்னை மறுக்கலாம். என் காதுக்கு முகவீணை என்றால் நடுவில் மூன்று கொல்லை இருக்க வேண்டும்.

தாத்தாவோடு பேருந்தில் ராணிப்பேட்டைக்குப் போவதென்றால் இன்னொரு கூத்து. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட கதையை எங்கள் பக்கத்தில் பாடாத கிழவர் கிடையாது. தேசிங்கோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பேருந்து ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறியதும் தாத்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். "ராணியம்மா ஊருடா," என்பார். நடத்துநர் சிரிப்பார்.

அதே பாலத்தில், அதே பேருந்தில், ஒப்பாரி பாடும் ஆயாவையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உறவுமுறையில் எங்களுக்கு ஒன்றுவிட்ட ஆயா. சாவு வீடு என்று கேள்விப்பட்டால் உறவா, ஊரா என்று பார்க்காமல் சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் அழைக்க வேண்டியதில்லை, காசும் வாங்க மாட்டார். சாவுக்கென்றே பேருந்து ஏறும் கிறுக்கு என்று ஊர் சொன்னது. அவர் வேலை செய்யும் முறையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு, கலவைப் பக்கம் ஒரு பேருந்து நடத்துநர் இறந்தபோது எனக்குக் கிடைத்தது. ஆயா நேராக உள்ளே போகவில்லை. பந்தல் ஓரம் பீடி குடித்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தார்: என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா, எந்த ரூட்டில் ஓடினார், கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார். நிருபர்போல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை விரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"விசிலூதி வண்டி நிறுத்தி
ஊரையெல்லாம் எறக்கிவிட்டே – என் சாமி
விசிலூத ஆளில்லாம
நீ எறங்கிப் போனதெங்கே?

சீட்டு கிழிச்சிக் குடுத்து
சனத்தையெல்லாம் ஏத்திவிட்டே – என் சாமி
சீட்டில்லாத வண்டியிலே
நீ ஏறிப் போனதெங்கே?"

வாசலில் கல்போல் நின்றிருந்த மூத்த மகன் அப்போதுதான் உடைந்து அழுதான். ஒப்பாரியின் கட்டுமானம் எளிது: முதல் கண்ணியில் ஒன்றைச் சொல், அடுத்ததில் அதே சட்டத்துக்குள் இரண்டு சொல்லை மாற்று; தங்கம் என்றால் அடுத்து வெள்ளி, ஏறுதல் என்றால் இறங்குதல். தாலாட்டும் இந்தச் சட்டத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் பந்தலடியில் விசாரித்த விசிலையும் சீட்டையும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து வைப்பது எளிதல்ல. பொதுவான ஒப்பாரியை ஆயா மதிப்பதில்லை. "எல்லாருக்கும் ஒரே பாட்டுன்னா, அவன் எதுக்குத் தனியா செத்தான்?" என்று ஒருமுறை கேட்டார். இலக்கிய விமரிசனத்தில் இதைவிடக் கறாரான ஒரு வரியை நான் இன்னும் படிக்கவில்லை.

அக்கரைச் சாவுகளுக்குப் போய்த் திரும்பி வரும் பேருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஆயா சன்னல் கம்பியில் தலை சாய்த்து, கீழே கிடக்கும் மணலைப் பார்த்து முணுமுணுப்பார். வேலூரைப் பற்றிச் சொல்லும்போது "தண்ணி இல்லாத ஆறு" என்று தொடங்கும் கேலிப் பேச்சு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கொஞ்சம் ஓடி, பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் ஓட வேண்டிய ஆறு அது. ஆயாவுக்கு அது கேலி இல்லை. "இருந்தவ போயிட்டா, எடம் மட்டும் கெடக்குது," என்பார். பக்கத்து இருக்கைக்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. இரு கரையும் தெரியாமல் செம்மண் நிறத்தில் போன அந்தத் தண்ணீரைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். ஆயாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். கண் பார்வை மங்கல். "ஒரு தபா காட்டுடா," என்று கேட்டதால், வெள்ளம் சற்று வடிந்த ஒரு மாலையில் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். பார்த்தார் என்பதைவிடக் கேட்டார் என்பது பொருந்தும். கூட்டத்தில் ஆயாவை அறிந்த பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, ஆற்றைப் பற்றி ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டான்.

"தண்ணி எத்தினி நாளைக்கு நிக்கும்னு சொல்றாங்க?" என்று ஆயா கேட்டார்.

"ஒரு பத்து நாளைக்கு ஓடும் ஆயா."

"அப்ப பத்து நாள் கழிச்சி வா, பாடறேன்."